காது கேளாதவருக்குத் துணை நாய்: வீட்டிலேயே பழக்கும் முறை

காது கேளாத ஒருவர் பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கும்போது, வாசலில் ஆள் கூப்பிடுவதும் அடுப்பில் கேத்தல் விசிலடிப்பதும் புகை எச்சரிக்கைக் கருவி அலறுவதும் அவருக்குத் தெரிவதில்லை. என் அப்பா, மலேசியாவின் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனை ஆலையின் கொதிகலன் பிரிவில் 28 ஆண்டுகள் வேலை செய்தவர். ஓய்வு பெறும்போது இரண்டு காதுகளும் ஏறக்குறைய அடைத்துப் போயிருந்தன. காதுக் கருவி பொருத்தினால் எதிரில் இருப்பவர் பேசுவது ஓரளவு புரிகிறது. பின்கட்டில் என்ன ஒலிக்கிறது என்பது புரிவதில்லை. தண்ணீர் வற்றிக் கேத்தலின் அடி கருகிப்போய், சமையற்கட்டு முழுவதும் புகை சூழ்ந்திருந்த ஒரு மாலையில் நான் வேலை முடிந்து வீடு திரும்பினேன். அப்பா முன்கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் நாங்கள் செவலை என்ற நாயை ஒலி அறிவிக்கும் துணை நாயாகப் பழக்கினோம். அந்த முறையை, எங்களைப் போன்ற தோட்டப்புற ஊர்களில் இருக்கும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

துணை நாய் என்றதும், பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அந்த நாயை வீட்டில் பழக்க முயல வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து, அது பயிற்சி பெற்ற வல்லுநர்களின் வேலையாகவே இருந்து வருகிறது. குட்டி ஓராண்டுக்கு மேல் ஒரு குடும்பத்தில் வளர்ந்து, பிறகு பல மாதங்கள் பயிற்சி பெற்று, கடைசியில் தன்னைப் பயன்படுத்தப் போகிறவரோடு சில வாரங்கள் சேர்ந்து நடந்து பழக வேண்டும். முதலாளி ‘போ’ என்று சொன்னாலும், எதிரில் வண்டி வந்தால் அந்தக் கட்டளையை மீறி நிற்க வேண்டும். அதில் நேரும் ஒரு தவறு உயிருக்கே ஆபத்தாகும். மேலும், வெள்ளைக் கைத்தடியோடு தனியாக நடக்கத் தெரிந்தவருக்குத்தான் வழிகாட்டி நாய்ப் பள்ளிகள் நாயைத் தருகின்றன. வழியை அறிந்து வைத்திருக்க வேண்டியவர் மனிதர்தான், தடைகளைத் தவிர்ப்பதுதான் நாயின் பங்கு. ஆகவே பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் முதலில் 1951-இல் தொடங்கப்பட்டு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கி வரும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தை நாடி, கைத்தடிப் பயிற்சி பெறுவது நல்லது. சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஒலி அறிவிக்கும் நாயின் நிலை வேறு. அதன் வேலை பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள் நடப்பது; தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது; வேலையும் ஒரே வகையானது. ஓசை கேட்டவுடன் ஆளிடம் வந்து தொட வேண்டும், ‘எங்கே’ என்று கேட்டால் ஓசை வந்த இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். பிரிட்டனில் 1982-இல் இதற்கென்று ஓர் அறநிறுவனம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் இந்த வேலைக்கான நாய்கள் பல, காப்பகங்களில் கிடந்த கலப்பின நாய்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆகவே விலை கொடுத்து வாங்கும் இனம் தேவையில்லை. நம் தோட்டத்து நாய் போதும், குணம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

நாயைத் தேர்ந்தெடுத்தல்

எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும், நடுத்தர உருவம் கொண்ட நாயைத் தேடுங்கள். சின்னக் குட்டியின் குணம் எப்படி அமையும் என்று சொல்ல முடியாது. குட்டி வளர்க்கும் அலுப்பை ஒரு முதியவரின் தலையில் ஏற்றுவதும் முறையாகாது. காவலுக்கென்று வளர்ந்து, வாசலில் நிழல் தெரிந்தாலே பாயும் நாயைத் தவிர்த்துவிடுங்கள்.

நான் செய்த சோதனை எளிமையானது. நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பத்தடி தள்ளி ஓர் எவர்சில்வர் தட்டைச் சிமெந்துத் தரையில் போட்டேன். ஒரு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு மேசைக்கடியில் புகுந்து வெளியே வரவே இல்லை. இன்னொன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவலை மட்டும் துள்ளிப் பின்வாங்கி, இரண்டு நொடி நின்று, பிறகு கழுத்தை நீட்டியபடி தட்டை மோப்பம் பிடிக்க வந்தது. திடுக்கிட்டாலும் உடனே தெளிந்து, ‘என்ன அது’ என்று தேடி வரும் நாய்தான் உங்களுக்கு வேண்டும். அடுத்ததாகத் தீனியில் ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். ஆசையில்லாத நாயைப் பழக்குவது மிகக் கடினம். பிறகு, அதனோடு வாழப் போகிறவர் அரை மணி நேரம் அதன் அருகில் உட்கார்ந்திருக்கட்டும். அந்த நாய் அவரை நாடி வருகிறதா என்பதை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

பயிற்சியைத் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டி, நாயின் செவித்திறனையும் சோதித்துக்கொள்ளுங்கள். உடல் முழுவதும் வெள்ளையாக இருக்கும் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை சற்று அதிகமாகக் காணப்படுகிறது. கருத்தடையும் செய்துவிடுங்கள்; இல்லையென்றால் பருவ காலத்தில் தோட்டத்து நாய்களெல்லாம் வேலியோரம் கூடிவிட, பயிற்சி நின்றுபோகும்.

வீட்டார் செய்ய வேண்டியது

முறையைச் சொல்வதற்கு முன், எங்கள் வீட்டில் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்ததைச் சொல்ல வேண்டும். ஓசை கேட்கும் ஒருவர் வீட்டில் இருந்து, கதவு தட்டியவுடன் எழுந்து போய்த் திறந்தால், நாய் தன் உதவி யாருக்கும் தேவையில்லை என்று முடிவு செய்துவிடும். அது நியாயமான முடிவுதான். ஆகவே பயிற்சிக் காலத்தில் வீட்டில் இருக்கும் எல்லோரும் காது கேளாதவர்களைப் போல இருக்க வேண்டும். வாசலில் மணி அடித்தால் நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். செவலை என்னைப் பார்க்கும். நான் பார்க்க மாட்டேன். அது அப்பாவிடம் போகும். அப்பா எழுந்து கதவைத் திறப்பார். விருந்தாளிகள் வெயிலில் நின்றது உண்மைதான். அக்கம்பக்கத்தாரிடமும் உறவினரிடமும் முன்கூட்டியே காரணத்தைச் சொல்லிவிட்டால் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாத வீட்டில் எந்த நாயாலும் வேலை செய்ய முடியாது.

அதே காரணத்தால், தீனியையும் பாராட்டையும் காது கேளாதவரே கொடுக்க வேண்டும். காலை நடையும் குளிப்பாட்டுவதும்கூட அவர் கையாலேயே நடப்பது நல்லது. பிள்ளைகள் கொஞ்சலாம், ஆனால் சோறு போடுபவர் அவராகவே இருக்கட்டும்.

பழக்கும் முறை

பேச்சுக் கட்டளைகளுக்குப் பதிலாகச் சைகைகளையே பயன்படுத்துங்கள். ‘சரியாகச் செய்தாய்’ என்பதற்குக் கட்டைவிரலை உயர்த்துவது, ‘எங்கே’ என்பதற்கு இரண்டு உள்ளங்கைகளையும் விரிப்பது, ‘உட்கார்’ என்பதற்குக் கையை மேலே தூக்குவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். மலேசியச் சைகை மொழியில் பேசும் குடும்பமாக இருந்தால், மனிதர்களுக்கிடையே அடிக்கடி வரும் சைகைகளை நாய்க்கு ஒதுக்காதீர்கள். உங்கள் உரையாடலை அது தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பரிசுக்கு, உப்பும் மசாலாவும் சேராமல் வேகவைத்த கோழி ஈரலைக் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு பயிற்சி ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நாளில் மூன்று நான்கு முறை செய்வது, ஒரே மூச்சாக அரை மணி நேரம் செய்வதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

முதலில் தொடுவதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர் நாற்காலியில் அமர்ந்து, உள்ளங்கையை முழங்காலருகே நீட்டட்டும். நாய் மோப்பம் பிடிக்க வந்து மூக்கால் தொட்டவுடன் கட்டைவிரலை உயர்த்தி, ஈரல் துண்டைக் கொடுக்கட்டும். இரண்டு மூன்று நாளில் உள்ளங்கையை எடுத்துவிட்டு முழங்காலைத் தொடப் பழக்கலாம். முன்னங்காலால் தட்டப் பழக்குபவர்களும் உண்டு. ஆனால் நம் முதியவர்களில் பலருக்கு நீரிழிவு இருக்கிறது, நகக் கீறல்கூட அவர்களுக்கு ஆறாத புண்ணாகிவிடும் என்பதால் மூக்கால் தொடுவதையே நான் பரிந்துரைக்கிறேன். மெல்ல ஒற்றிவிட்டுப் போவது போதாது. ஆடையின் மேலும் உணரும்படி அழுத்தித் தொட்டால் மட்டுமே பரிசு என்று படிப்படியாக அளவை உயர்த்துங்கள்.

அடுத்து, ஒரே ஓர் ஓசையை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேத்தலில் தொடங்கினோம். விசிலோசையைக் கைப்பேசியில் பதிந்து, அணைத்து வைத்த அடுப்பின் அருகில் வைத்தேன். ஓசையை எழுப்பி, அடுப்பருகே தரையில் ஒரு துண்டு ஈரலைப் போட்டேன். பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு, விசில் கேட்டவுடன் செவலை தானாகவே அடுப்பை நோக்கி ஓடியது. அதன் பிறகு ஈரலை என்னிடமிருந்து அப்பாவின் கைக்கு மாற்றினோம். நான் அடுப்பருகில் வெறுங்கையோடு நிற்க, அப்பா இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தார். விசில் ஒலித்தது. செவலை அடுப்பருகே வந்து தரையை மோந்தது, என் கையை மோந்தது, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் பார்த்தது. அப்பா முழங்காலைத் தட்டினார். அது போய் மூக்கால் அழுத்தியதும் கட்டைவிரலும் ஈரலும் கிடைத்தன. உடனே அப்பா எழுந்து உள்ளங்கைகளை விரித்துக் காட்டி, அதோடு அடுப்பு வரை நடந்து, அங்கே இன்னொரு துண்டு கொடுத்தார்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியையும் விட்டுவிடக் கூடாது. ஓசை, தொடுதல், ‘எங்கே’, ஓசை வந்த இடம், அங்கே பரிசு என்பதே அதன் வரிசை. தொடுதலோடு நிறுத்திவிட்டால், கதவா அடுப்பா என்று தெரியாமல் அவர் வீடு முழுவதும் தேட வேண்டியிருக்கும்.

பத்து முறையில் எட்டு முறை சரியாகச் செய்யும் வரை தூரத்தைக் கூட்டாதீர்கள். பிறகு அடுத்த அறையிலிருந்து, அதற்கு அடுத்த அறையிலிருந்து என்று நகருங்கள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, படுத்திருக்கும்போது, சாப்பிடும்போது என்று நிலைகளையும் மாற்றுங்கள். கைப்பேசி ஓசைக்குப் பழகிய நாய் உண்மையான கேத்தலைத் தெரியாதது போல் இருக்கும். ஆகவே கடைசியில் உண்மையான கேத்தலை உண்மையான நெருப்பில் வைத்தும் பழக்க வேண்டும். முதல் ஓசைக்கு எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. கதவுக்கு இரண்டு வாரம்தான் ஆனது, ஏனென்றால் வேலை என்னவென்று செவலைக்கு அதற்குள் புரிந்துவிட்டது.

கதவில் ஒரு சிக்கல் உண்டு. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால், பக்கத்து வீட்டு இரும்புக் கதவின் சத்தமும் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளின் ஹார்னும் நம் வீட்டுக்குள்ளேயே கேட்பது போலிருக்கும். நம் வாசலில் வேறு யாரிடமும் இல்லாத ஓசையுள்ள ஒரு மணியைப் பொருத்தி, அதற்கு மட்டுமே பரிசு கொடுங்கள். மற்ற ஓசைகளை மெல்ல மெல்ல அது விட்டுவிடும். (ரொட்டிக்காரரின் ஹார்னை அப்பா விரும்பிச் சேர்த்துக்கொண்டார். மாலை நான்கு மணி ரொட்டியைத் தவறவிட அவருக்கு மனமில்லை.)

நான் செய்த தவறு

இரண்டாவது மாதத்தில் ஓர் இரவு, எந்த ஓசையும் இல்லாதபோது செவலை மூன்று முறை அப்பாவை எழுப்பியது. ஈரலுக்காக ஏமாற்றுகிறது என்று நினைத்து, நான் அதட்டிக் கையை ஓங்கிவிட்டேன். மறுநாள் கேத்தல் விசிலடித்தபோது அது எழுந்து, இரண்டடி வைத்து, என்னைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மூன்று வாரங்கள் எந்த ஓசைக்கும் அது அசையவில்லை. முழங்காலைத் தொடுவதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று. பொய்யாக அறிவித்தால் பரிசு கொடுக்காதீர்கள், அவ்வளவே போதும். முகத்தைக்கூடச் சுளிக்க வேண்டாம். அறிவித்ததற்காக அடி வாங்கிய நாய், உண்மையாகவே தீப்பிடிக்கும் நாளிலும் வாய் திறக்காது.

புகை எச்சரிக்கைக் கருவி

இந்த ஓசைக்கு மட்டும் சங்கிலியை மாற்ற வேண்டும். மற்ற ஓசைகளுக்கு நாய் ஆளை ஓசை வரும் இடத்திற்கு அழைத்துச் செல்கிறது. நெருப்பை நோக்கி அழைத்துச் செல்லக் கூடாது. பிரிட்டனில் பழக்கப்படும் நாய்கள், தொட்ட பிறகு ‘எங்கே’ என்று கேட்டால் தரையில் படுத்துக்கொள்கின்றன. படுத்தால் ஆபத்து என்று பொருள். அவர் உடனே வெளியேற வேண்டும். கருவியின் அலறல் நாயின் காதுக்கு மிகக் கொடுமையானது என்பதால், பதிந்து வைத்த ஓசையை முதலில் மிகக் குறைவாக ஒலிக்கச் செய்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வேறு ஓசைகள் உறுதியான பிறகே இதைத் தொடங்க வேண்டும். எவ்வளவு நன்றாகப் பழகினாலும், விளக்கு மின்னும் அல்லது தலையணைக்கடியில் அதிரும் எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் சேர்த்தே வைத்திருங்கள். நாய்க்கும் காய்ச்சல் வரும், ஆழ்ந்த தூக்கம் வரும்.

வெளியே அழைத்துச் செல்லுதல், சட்டம், அண்டை அயலார்

2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களையும் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையைப் பேசுகிறது. துணை நாயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கண் அழுத்த நோயால் பார்வையிழந்த ஸ்டீவன்ஸ் சான், லாஷான் என்ற வழிகாட்டி நாயோடு 2014-இல் கோலாலம்பூரில் நடமாடத் தொடங்கியபோது, வணிக வளாகங்களிலும் போக்குவரத்திலும் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அது மாற வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். ஆனால் இன்று இந்த வழிகாட்டியைப் படிக்கும் குடும்பத்திற்கு, நாயை வீட்டு வேலைக்கு மட்டும் பழக்குங்கள் என்றே சொல்வேன். சமூக நல இலாகாவில் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதிவு செய்வது அவசியம். அந்த அட்டை நாய்க்கு நுழைவுச் சீட்டாகாது. இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு துணை நாய்ச் சான்றிதழும் மேலங்கியும் அனுப்புகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். நானும் ஒருமுறை வாங்கினேன். அதைக் காட்டியும் ஒரு மருந்தகத்தில் அப்பாவை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

நாய் உரிமத்தை ஆண்டுதோறும் உள்ளாட்சி மன்றத்தில் புதுப்பிக்க வேண்டும். எங்கள் ஊருக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். உரிம வில்லையைக் கழுத்துப் பட்டையிலிருந்து கழற்றவே கூடாது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைதூக்கியபோது, தெருவில் திரியும் நாய்கள் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் நாயைக் கொண்டு வருவதற்கு முன்பே நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) அப்பாவே போய் விஷயத்தைச் சொன்னார். நாயின் உமிழ்நீரோ ஈரமான உடலோ பட்டால், ஷாஃபி மத்ஹப் என்னும் இஸ்லாமியச் சட்ட நெறியைப் பின்பற்றும் முஸ்லிம்கள் அந்த இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். உலர்ந்த உடல் உலர்ந்த ஆடையில் பட்டால் அது தேவைப்படுவதில்லை. இதை அறிந்து நடந்துகொண்டால் மனக்கசப்பு வராது. மணி அடித்ததும் அறிவித்துவிட்டு, கதவு திறக்கும்போது தன் பாயில் போய்ப் படுக்க வேண்டும் என்று செவலைக்குப் பழக்கினோம். மழையில் நனைந்த நாளில் துவட்டாமல் அதை முன்வாசலுக்கு விடுவதில்லை. இப்போது மக்சிக் வாசலில் நின்று மணியை அழுத்திவிட்டு, உள்ளே நடப்பதை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்.

தோட்டப்புறத்தில் நாயின் உடல்நலம்

செம்பனைத் தோட்டங்களில் எலிகளுக்கு வைக்கப்படும் மருந்து, இரத்தம் உறைவதைத் தடுத்து நாயையும் கொல்லும். தின்ற உடனே அறிகுறி தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வரும்போது காலம் கடந்திருக்கலாம். தின்றதைப் பார்த்தாலோ சந்தேகப்பட்டாலோ அப்போதே மருத்துவரிடம் கொண்டு போங்கள், மாற்று மருந்தான வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். களைக்கொல்லி தெளித்த வரிசைகளில் நடக்க விடாதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசியும், கொசுவால் வரும் இதயப்புழுவுக்கு மாதந்தோறும் மாத்திரையும் தேவை. உண்ணிகளைக் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடுங்கள். காது நோயுற்ற நாயால் இந்த வேலையைச் செய்ய இயலாது. நண்பகலில் தார்ச் சாலையில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. தீபாவளி வெடிகளுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே, பதிந்த ஓசையைக் குறைவாக ஒலிக்கச் செய்து பழக்குங்கள்.

பழகிய பிறகும், வாரம் ஒரு முறையாவது ஒவ்வோர் ஓசையையும் எழுப்பிப் பார்த்து, பரிசு கொடுத்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். புகைக் கருவி மாதக்கணக்கில் ஒலிக்காமல் இருந்தால் அந்த ஓசையை நாய் மறந்துவிடும். எங்கள் குறிப்பேட்டில் அப்பாவே எழுதுகிறார். செவலைக்கு இப்போது ஏழு வயது. பத்து வயதை ஒட்டி அதன் காதும் மங்கத் தொடங்கலாம் என்பதால், ஒன்பதாவது வயதில் இன்னொரு நாயைக் கொண்டு வந்து, செவலை வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவிட்டுப் பழக்கத் திட்டமிட்டிருக்கிறோம். செவலை எங்கள் வீட்டிலேயே இருக்கும்.